சிவலிங்கம் கார்டில் போன மருந்து

லூனாஸில் ஒரு தனியார் கிளினிக்கில் மருந்து எடுத்துக் கொடுக்கிற வேலை எனக்கு. இருபத்திரண்டு வருஷமாக அதே கிளினிக், அதே ஜன்னல். நான் நர்ஸ் படிப்பு படித்தவள் இல்லை. பள்ளிக்கூடத்தில் படிவம் ஐந்து முடித்துவிட்டு நேராக இங்கே வந்தவள். ஆனாலும் வெள்ளைச் சட்டை போட்டிருப்பதால் எல்லாரும் நர்ஸைக் கூப்பிடுகிற மாதிரி ‘மிஸி’ என்றுதான் கூப்பிடுவார்கள்.

கிளினிக்குகளில் புதிதாகச் சேருகிற பெண்களுக்கு உதவுமே என்று இதை எழுதுகிறேன். எழுதுவதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை.

1. ஜன்னல்

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் என்னை ரிஜிஸ்ட்ரேஷன் கவுன்டரில் உட்கார வைத்தார்கள். பேர் கேட்க வேண்டும், அடையாள அட்டையான ஐசியை வாங்க வேண்டும், என்ன உடம்புக்கு என்று கேட்டு, டாக்டர் குறிப்பு எழுதுகிற கார்டை எடுக்க வேண்டும். எனக்கு ஆட்களின் முகத்தைப் பார்த்தாலே வாய் ஒட்டிக்கொள்ளும். ஒரு சீனக் கிழவர் மூன்று தடவை பேரைச் சொல்லியும் திருப்பிக் கேட்க வெட்கப்பட்டு வேறு ஆளின் கார்டை எடுத்து வைத்துவிட்டேன்.

டாக்டர் வெளியே வந்தார். அப்போது அவருக்கு நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். குரல் மட்டும் அன்றைக்கே பெரிய குரல்.

“ஏம்மா சுமதி, வாயில என்ன கொழுக்கட்டையா?”

வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

“சரி, நீ உள்ள போ. மருந்து ரூமுக்கு. அங்க பேச வேண்டியதில்ல. நான் எழுதறத எடுத்து வெச்சா போதும்.”

அப்படித்தான் இந்த ஜன்னலுக்கு வந்தேன். கண்ணாடியில் ஒரு சின்னச் சதுரம் வெட்டியிருக்கும். உயரம் குறைவு. நான் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தால் எதிரே நிற்பவரின் கையும் வயிறும்தான் தெரியும். முகம் பார்க்க வேண்டுமென்றால் நான் குனிய வேண்டும், இல்லை அவர்கள் குனிய வேண்டும். எனக்கு அது ரொம்ப வசதியாக இருந்தது. பேரைச் சொல்வேன், பாக்கெட்டைத் தள்ளுவேன், “காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு” என்பேன். முடிந்தது.

டாக்டர் சொன்னதில் ஒரு தப்பு இருந்தது. அந்த ஜன்னலில்தான் அதிகம் பேச வேண்டியிருந்தது. அது எனக்குப் புரிய இருபது வருஷம் ஆயிற்று.

2. எட்டு வாரம்

எங்கள் கிளினிக்குக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு ‘கேஸ்டிரிக்’தான். நெஞ்சு எரிந்தாலும் கேஸ்டிரிக், வயிறு உப்பினாலும் கேஸ்டிரிக், ஏப்பம் வந்தாலும் கேஸ்டிரிக். ஷிப்ட் வேலைக்காரர்கள் கண்ட நேரத்தில் சாப்பிட்டுவிட்டு அப்படியே படுத்தால் வேறு என்ன வரும்.

சிவலிங்கம் அண்ணன் அப்படி வந்தவர்தான். பாடாங் மேஹாவில் வீடு. கூலிமில் ஒரு ஃபேக்டரியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். ஒரே மகள், ஜோகூரில் கல்யாணம் ஆகிப் போய்விட்டாள். வீட்டில் அவரும் அவர் மனைவி பார்வதியக்காவும் மட்டும். அண்ணனுக்கு ராத்திரி படுத்தால் புளித்த தண்ணீர் தொண்டை வரைக்கும் வரும். டாக்டர் சோதித்துவிட்டு லேசான ரிஃப்ளக்ஸ்தான், வயிற்று அமிலம் மேலே ஏறுகிறது என்றார்.

இந்த விஷயத்தில் டாக்டரைக் குறை சொல்ல முடியாது. அன்றைக்கு அவர் எல்லாம் சரியாகத்தான் செய்தார். அமிலம் சுரப்பதைக் குறைக்கிற ஒமெப்ரசோல் காப்சூல், காலையில் ஒன்று, எட்டு வாரம். பசியாறுவதற்கு அரை மணி நேரம் முன்னால் வெறும் வயிற்றில். அதற்குப் பிறகு நிறுத்திப் பார்க்க வேண்டும். நிறுத்தியும் எப்போதாவது எரிந்தால் மட்டும் வெள்ளைத் தண்ணி மருந்தோ சில நாள் காப்சூலோ. லேசான நோய்க்கு வருஷக்கணக்கில் தினமும் மருந்து வேண்டியதில்லை, எவ்வளவு குறைவாகப் போதுமோ அவ்வளவுதான் என்பது அவர் கொள்கை. வருஷக்கணக்கில் சாப்பிட வேண்டியவர்களும் உண்டு. அவர்களையும் ஆறு மாதத்துக்கு ஒரு தடவையாவது கூப்பிட்டுப் பார்த்து, இன்னும் வேண்டுமா என்று யோசித்துத்தான் எழுத வேண்டும் என்பார்.

எட்டு வாரம் முடிந்து நிறுத்திய மூன்றாம் நாளே அண்ணன் திரும்பி வந்துவிட்டார்.

“டாக்டர், வியாதி மறுபடியும் வந்துருச்சு. முன்னவிட ஜாஸ்தியா எரியுது.”

“வியாதி வரல. நீங்க ஓட்டற மெஷின ரொம்ப நாள் நிறுத்தி வெச்சுட்டு ஸ்டார்ட் பண்ணா மொதல்ல சத்தம் போட்டு ஓடுமா இல்லியா? வயிறும் அப்படித்தான். ரெண்டு வாரம் பொறுத்துக்குங்க. எரிஞ்சா தண்ணி மருந்து குடிங்க. ராத்திரி சாப்பிட்டு மூணு மணி நேரம் படுக்காதீங்க. கட்டில் தலமாட்டுல ரெண்டு செங்கல் வைங்க.”

“செங்கல்லா?”

“கட்டில் காலுக்கு அடியில. உங்க தலைக்கு அடியில இல்ல.”

மருந்து ரூமில் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. இந்த இரண்டு வாரத்தைத் தாண்ட முடியாமல்தான் பல பேர் ஆயுசு முழுக்க அந்தக் காப்சூலைச் சாப்பிடுகிறார்கள். அண்ணன் தாண்டிவிட்டார். ஒரு மாதம் கழித்துக் காய்ச்சலுக்கு வந்தபோது, எப்போதாவது பிரியாணி சாப்பிட்டால்தான் எரிகிறது என்றார். டாக்டர் அவர் கார்டில் ‘தேவைப்பட்டால் மட்டும் ஒமெப்ரசோல், 14’ என்று எழுதினார்.

நோய் பார்த்த விதமும் சரி, மருந்து கொடுத்த விதமும் சரி. அந்த ஒரு வரிதான் வினையாகப் போனது.

3. ரிப்பீட்

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பழைய மருந்து முடிந்தால் ஆள் வரமாட்டார். வீட்டில் யாராவது அவருடைய ஐசியையும் காலியான மருந்துப் பாக்கெட்டையும் எடுத்துக்கொண்டு வருவார்கள். “அதே உபாட்தான் மிஸி, அதே மருந்து” என்று பாக்கெட்டை ஜன்னலில் வைப்பார்கள். பாக்கெட்டில் பேரும் மருந்தும் எழுதியிருக்கும். நாங்கள் கார்டை எடுத்து உள்ளே காட்டுவோம். டாக்டர் கையில் வேறு நோயாளி இருப்பார். “கேஸ்டிரிக்தானே, குடு” என்பார். நான் கார்டில் ‘ரிப்பீட்’ என்று எழுதி, என் பேருக்கு ஒரு ‘எஸ்’ போடுவேன். கொஞ்ச நாளில் உள்ளே காட்டுவதும் நின்றுவிடும். ‘எஸ்’ மட்டும் நிற்காது.

சிவலிங்கம் அண்ணனுக்கு மருந்து வாங்கப் பார்வதியக்கா வர ஆரம்பித்தார். முதலில் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை பதினாலு காப்சூல். பிறகு மாதத்துக்கு ஒரு தடவை. அப்புறம், “இருபத்தெட்டாவே குடுத்துருங்க மிஸி, ஒவ்வொரு தடவையும் பஸ் ஏறி வர முடியல” என்றார். கொடுத்தேன். அண்ணனுடைய கம்பெனிக்கு எங்கள் கிளினிக் பேனல். அவருடைய வைத்தியச் செலவு எல்லாம் கம்பெனியே கட்டிவிடும்.

எப்போதாவது பிரியாணி சாப்பிட்டால் மட்டும் எரிகிறது என்றவருக்கு எதற்கு மாதம் இருபத்தெட்டு? அந்தக் கேள்வி எனக்கு வந்தது. வந்த கேள்வியை வெளியே சொல்லத்தான் வாய் வரவில்லை.

பார்வதியக்கா கலகலப்பான ஆள். ஒரு பள்ளிக்கூடக் கேண்டீனில் சமையல். விடியும் முன்பே எழுந்து போய்விடுவார். ஜன்னலில் குனிந்து, “மிஸி, உயிரோட இருக்கீங்களா? கை மட்டும் தெரியுதேன்னு கேட்டேன்” என்பார். எனக்காகக் குனிந்து முகம் பார்த்துப் பேசுகிறவர் அவர் ஒருத்தர்தான்.

ஒரு நாள் பாக்கெட்டை வாங்கிக்கொண்டு போனவர் திரும்பி வந்தார்.

“மிஸி, இது சாப்பிட்டும் எனக்கு எரியுதே, ஏன்?”

“உங்களுக்கா?”

அவர் வாயைக் கையால் பொத்திக்கொண்டார். பின்னால் யாரும் இருக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார். பிறகு ஜன்னலுக்குள் தலையே நுழைந்துவிடும் போலக் குனிந்து சொன்னார்.

“இவரு நிறுத்தி ஒரு வருஷமாச்சு மிஸி. மிச்சம் கெடந்துச்சு. எனக்கும் அதே எரிச்சல்தான். ஒண்ணு போட்டுப் பாத்தேன், மொதல்ல நல்லா கேட்டுச்சு. அதான் இவரு பேர்லயே வாங்கறேன். இவருக்கே தெரியாது.”

“நீங்க உங்களுக்குன்னு டாக்டரப் பாக்கலாம்ல அக்கா?”

“எனக்கு ஏது பேனலு? அவருக்கு மட்டும்தான். அரசாங்க கிளினிக்குக்குப் போனா அரை நாள் போயிரும். கேண்டீன்ல லீவு போட்டா அன்னைக்கிச் சம்பளம் இல்ல. ஒரே எரிச்சலுக்கு ரெண்டு டாக்டரா? டாக்டர்கிட்ட சொல்லிராதீங்க மிஸி. கம்பெனிக்குத் தெரிஞ்சா பேனல ஏமாத்திட்டான்னு இவரு வேலைக்கே சூசா, சிக்கலாயிரும்.”

நான் என்ன செய்திருக்க வேண்டும்? இதைப் படிக்கிற எந்தப் பெண்ணுக்கும் தெரியும். அந்தப் பாக்கெட்டைத் திரும்ப வாங்கி வைத்துக்கொண்டு அவரை டாக்டர் அறைக்குள் அனுப்பியிருக்க வேண்டும். கம்பெனியாவது பேனலாவது. ஐம்பது வயதுக்குப் பக்கத்தில் இருக்கிற ஒருவர், ஒரு தடவைகூட எந்த டாக்டரும் வயிற்றைத் தொட்டுப் பார்க்காமல், ஒரு வருஷமாக இன்னொருவர் மருந்தைச் சாப்பிடுகிறார்.

நான் செய்தது வேறு.

“எப்ப சாப்பிடறீங்க?” என்று கேட்டேன்.

“ராத்திரி. சோறு தின்னுட்டு, கோப்பியோட.”

“அப்படிச் சாப்பிட்டா சரியா வேலை செய்யாதுக்கா. காலையில எழுந்ததும் வெறும் வயித்துல தண்ணியோட. அரை மணி நேரம் கழிச்சு கோப்பி, பசியாறல் எல்லாம்.”

“அதானே! படிச்சவங்கள கேக்கணும்ங்கறது.”

அன்றைக்கு எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒரு ஆளுக்கு வாய் திறந்து நல்லது சொல்லிவிட்டேன் என்று நினைத்தேன். அடுத்த மாதம் வந்து, எரிச்சல் சுத்தமாகப் போய்விட்டது என்றார். கேண்டீனில் சுட்ட உளுந்து வடையை எனக்கென்று மடித்துக் கொண்டுவந்து ஜன்னலில் வைத்தார்.

எரிச்சல் போனது உண்மைதான். அந்த எரிச்சல் ஒன்றுதான் அவரை எப்படியாவது ஒரு டாக்டரிடம் கொண்டு போயிருக்கும். அதை அணைத்தவள் நான்.

4. நூல் சுற்றிய மோதிரம்

ஆட்களின் கையைப் பார்த்தே காலம் தள்ளியவள் நான். அதனால் முதலில் கண்ணில் பட்டது மோதிரம்தான். பார்வதியக்கா விரலில் கல்யாண மோதிரம் கழன்று விழாமல் இருக்க உள்பக்கம் கறுப்பு நூல் சுற்றியிருந்தார்.

“என்னக்கா, மோதிரம் லூசாயிருச்சா?”

“இளைச்சுட்டேன்ல! கேண்டீன் டீச்சருங்க எல்லாம் எந்த ஜிம்முக்குப் போறேன்னு கேக்கறாங்க. கரண்டி புடிக்கற ஜிம்முன்னு சொன்னேன்.”

நானும் சிரித்தேன்.

அதற்கடுத்த மாதம், பிஸ்கட்டைக் கோப்பியில் முக்கித்தான் சாப்பிடுகிறேன் என்றார். தோசை நெஞ்சிலேயே நிற்கிறதாம். தண்ணீர் குடித்துத் தள்ள வேண்டியிருக்கிறதாம். அதையும் விளையாட்டாகத்தான் சொன்னார். “பல்லு இருந்தும் கெழவி ஆயிட்டேன் மிஸி.”

மருந்து ரூமின் உள்சுவரில் டாக்டர் ஒட்டிவைத்த ஒரு தாள் இருக்கிறது. கேஸ்டிரிக் என்று வருகிறவர்களில் யாரை உடனே உள்ளே அனுப்ப வேண்டும் என்று அதில் எழுதியிருக்கும். விழுங்கக் கஷ்டம். காரணமில்லாமல் எடை குறைவது. வாந்தியில் ரத்தம். கறுப்பாக வெளிக்குப் போவது. ரத்தம் குறைந்து வெளுத்துப்போவது. நான் உட்காரும் ஸ்டூலுக்கு நேர் எதிரே அந்தத் தாள். அதில் முதல் இரண்டு வரியும் ஜன்னலுக்கு வெளியே நின்று என்னோடு பேசிக்கொண்டிருந்தன.

“அக்கா, அரசாங்க கிளினிக்குக்கு ஒரு தடவ போய்ப் பாருங்களேன்” என்றேன். என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

“போறேன் மிஸி. பள்ளிக்கூடம் லீவு விடட்டும்.”

பள்ளிக்கூடம் லீவு விட்டது. லீவில் ஜோகூருக்கு மகள் வீட்டுக்குப் போனார். திரும்பி வந்தார். பாக்கெட்டை வைத்தார். நான் இருபத்தெட்டு எண்ணிப் போட்டுக் கொடுத்தேன். ‘ரிப்பீட்’, ‘எஸ்’. அதற்கடுத்த மாதமும் அதே. சொன்னதையே திருப்பிச் சொல்ல எனக்குக் கூச்சம். ஒரு தடவை சொல்லியாயிற்று, இனி அவர் பாடு என்று மனசுக்குள் ஒரு சமாதானம் வேறு. டாக்டரிடம் போய்ச் சொன்னால், முதலில் ஏன் சொல்லவில்லை என்று எல்லார் முன்னாலும் கத்துவார். அந்தக் கத்தலுக்குப் பயந்தேன். அவ்வளவுதான் காரணம். வேறு பெரிய காரணம் எதையும் கண்டுபிடித்து இங்கே எழுத எனக்கு விருப்பமில்லை.

5. டாக்டர் அறை

அவரைக் கண்டுபிடித்தது டாக்டர்தான். ஒரு சனிக்கிழமை. ஏதோ ஃபைல் எடுக்க வெளியே வந்தவர், பெஞ்சில் உட்கார்ந்திருந்த பார்வதியக்காவைப் பார்த்து நின்றுவிட்டார்.

“யாரு இந்தம்மா? ஏன் இப்படி வெளுத்திருக்காங்க?”

“சிவலிங்கம் வைஃப், டாக்டர். ரிப்பீட் வாங்க வந்திருக்காங்க” என்றாள் கவுன்டரில் இருந்த பெண்.

“ரிப்பீட் இருக்கட்டும். நீங்க உள்ள வாங்கம்மா.”

அரை மணி நேரம் ஆயிற்று. அண்ணனுக்குப் போன் போட்டு ஃபேக்டரியிலிருந்து வரச் சொன்னார்கள். அவர் சீருடையோடு வந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். டாக்டர் மேஜையில் சிவலிங்கம் அண்ணனின் கார்டு விரித்துக் கிடந்தது. ஒரு பக்கம் முழுக்க என் ‘எஸ்’.

“நான் மருந்த நிறுத்தி ரெண்டு வருஷமாகப் போகுது டாக்டர்” என்றார் அண்ணன். “எரிஞ்சா தண்ணி மருந்துதான். இது யாருக்குப் போச்சு?”

பார்வதியக்கா தலையைக் குனிந்துகொண்டு, “நான்தான் சாப்பிட்டேன்” என்றார்.

அண்ணன் மனைவியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். “மிஸி, உங்களுக்குத் தெரியுமா இது?”

நான் வாயைத் திறப்பதற்குள் பார்வதியக்கா சொல்லிவிட்டார். “மிஸிக்கு ஒண்ணும் தெரியாதுங்க. உங்களுக்குன்னு சொல்லித்தான் வாங்கினேன். அவங்கள ஏன் கேக்கறீங்க?”

அறையில் மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். ‘இல்லை, எனக்குத் தெரியும்’ என்று சொல்ல ஒரு நிமிஷம்கூட வேண்டாம். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். டாக்டர், “சரி, நீ போ” என்றார். போனேன்.

அவர் அன்றைக்கே லெட்டர் எழுதிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். தொண்டை வழியாகக் குழாய் விட்டு ஸ்கோப் செய்தார்கள். உணவுக்குழாய் இரைப்பையில் சேருகிற இடத்தில் கட்டி. வெளியேயும் பரவியிருந்தது. அறுவை செய்கிற கட்டம் தாண்டிவிட்டது என்றார்கள். இன்னும் முன்னால் வந்திருந்தால் வேறு மாதிரி பேசியிருக்கலாம் என்று அங்கே ஒரு டாக்டர் சொன்னாராம்.

தப்பாகப் புரிந்துகொள்ளக் கூடாது என்பதற்காக ஒன்று எழுதுகிறேன். அந்தக் கட்டியை மருந்து உண்டாக்கவில்லை என்று எங்கள் டாக்டர் சொன்னார். மருந்து செய்தது, வலியையும் எரிச்சலையும் மூடி வைத்தது. டாக்டர் பார்த்து, நாள் குறித்துக் கொடுத்தால் அது நல்ல மருந்து. சிவலிங்கம் அண்ணனுக்கு அது நல்ல மருந்தாகத்தான் இருந்தது.

அந்தச் சனிக்கிழமை எல்லாரும் போன பிறகு டாக்டர் என்னை மறுபடியும் கூப்பிட்டார். கத்தப் போகிறார் என்று நினைத்தேன். கத்தவில்லை.

“கார்டப் பாத்தா நான் பாத்ததா இருக்கு. நீ குடுத்ததா இருக்கு. ரெண்டு பேருமே ஆளப் பாக்கல.” கார்டை மூடி வைத்துவிட்டு, “பேனல் கம்பெனிக்கு இது போகக் கூடாது. சிவலிங்கத்தோட வேலை போயிரும், நம்ம பேனலும் போயிரும். புரியுதா?” என்றார்.

புரிந்தது. எந்த அறையிலும் யாரும் முழுதாக உண்மை பேசவில்லை.

அடுத்த நாள், ஆள் வராமல் ரிப்பீட் இல்லை என்று கவுன்டரில் பேப்பர் ஒட்டினார்கள். ஜனங்கள் சண்டை போட்டார்கள். மூன்று மாதம் அந்த விதி இருந்தது. பிறகு பேப்பர் மட்டும் இருந்தது.

6. தண்ணீர்க் குழாய்

பார்வதியக்கா அதற்குப் பிறகு ஏழு மாதம் உயிரோடு இருந்தார். இரண்டு தடவை வீட்டுக்குப் பார்க்கப் போனேன். இரண்டாம் தடவை குழாய் வழியாகத்தான் பால் போய்க்கொண்டிருந்தது. அண்ணன் தண்ணீர் கொண்டுவர உள்ளே போன சமயம் என் கையைப் பிடித்து, “நீங்க அன்னைக்கி வாயத் தொறந்திருவீங்களோன்னு பயந்துட்டேன் மிஸி. உங்க வேலையும் போயிருக்கும்” என்றார். அவர் அப்படிச் சொன்னது எனக்கு ஆறுதலாக இல்லை. என்னைப் பற்றி அவருக்கு எப்படி அந்தப் பயம் வந்தது? வாய் திறக்கிற ஆளா நான்?

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போயிருந்தேன். வீடு நிறைய ஆட்கள். சிவலிங்கம் அண்ணன் என்னைத் தன் அண்ணன் தம்பிகளுக்குக் காட்டினார்.

“இவங்கதான் கிளினிக் மிஸி. பார்வதிக்கு இவங்கன்னா உசிரு. மருந்த எப்படிச் சாப்பிடணும்னு இவங்கதான் சொல்லிக் குடுத்தாங்களாம். வீட்டுக்கு வந்தா மிஸி பேச்சுத்தான்.”

ஒரு தம்பிக்காரர் எழுந்து எனக்கு நாற்காலி போட்டார். உட்கார்ந்தேன். பாயசம் கொடுத்தார்கள். அதையும் குடித்தேன்.

அதற்குப் பிறகு மூன்று வாரம் தூக்கம் சரியில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பாடாங் மேஹாவுக்குப் போனேன். அண்ணன் வாசலில் குழாயைத் திறந்துவிட்டு மோட்டார் சைக்கிள் கழுவிக்கொண்டிருந்தார்.

“வாங்க மிஸி. என்ன இவ்வளவு தூரம்?”

இந்த முறை தரையைப் பார்க்கக் கூடாது என்று வரும்போதே முடிவு செய்திருந்தேன். அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். எனக்குத் தெரியும் என்று சொன்னேன். எத்தனை மாதமாகத் தெரியும் என்றும் சொன்னேன். மோதிரம், பிஸ்கட், தோசை, சுவரில் இருந்த தாள் எல்லாம் சொன்னேன். அன்றைக்கு அக்கா எனக்காகப் பொய் சொன்னதையும், நான் பேசாமல் நின்றதையும் சொன்னேன்.

அவர் கையில் இருந்த குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. என் செருப்பு நனைந்தது.

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே” என்றார். “டாக்டர்கிட்ட சொல்லப் பயம்னா எங்கிட்ட சொல்லியிருக்கலாம். நான் காய்ச்சலுக்கு வந்தேன். முட்டி வலிக்கு வந்தேன். உங்க ஜன்னல்லதானே மருந்து வாங்கினேன்.”

உண்மை. இரண்டு தடவை வந்தார். இரண்டு தடவையும், “சாப்பாட்டுக்குப் பின்னால ஒண்ணு” என்று சொல்லி அனுப்பினேன்.

அண்ணன் குழாயை மூடினார். வீட்டுக்குள் போனார். நான் கொஞ்ச நேரம் நின்றேன். அவர் வெளியே வரவில்லை.

7. கேள்வி

இப்போது நான் ஸ்டூலில் உட்காருவதில்லை. நின்றுகொண்டு, குனிந்து, முகத்தைப் பார்த்துத்தான் மருந்து கொடுக்கிறேன். முதுகு வலிக்கிறது. கூச்சம் போய்விட்டதா என்றால் இல்லை. இன்றைக்கும் ஒவ்வொரு ஆளிடமும் வாய் ஒட்டத்தான் செய்கிறது. ஒட்டினாலும் கேட்கிறேன்.

ரிப்பீட் என்று யார் வந்தாலும் முதல் கேள்வி, இந்த மருந்தைச் சாப்பிடுவது யார். அடுத்தது, எத்தனை நாளாக. அடுத்தது, விழுங்க முடிகிறதா, உடம்பு இளைத்திருக்கிறதா. கடைசியாக டாக்டர் எப்போது பார்த்தார். ஒரு பதில் சரியில்லை என்றாலும் மருந்து கொடுக்காமல் கார்டை டாக்டர் மேஜையில் வைத்துவிடுகிறேன். டாக்டர் கத்துகிறார். கத்தட்டும். போலீஸ் மாதிரி விசாரிக்கிறாள் என்று என் மேல் புகார் வந்தது. ஒரு பெண்மணி, “நான் என்ன திருடியா?” என்று கேட்டுவிட்டு வேறு கிளினிக்குக்குப் போய்விட்டார். அவர் வீட்டிலும் யாராவது இன்னொருவர் பேரில் சாப்பிடுகிறார்களோ என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் ஆட்களுக்குக் கணவன் கார்டும் மாமியார் கார்டும் குடும்பச் சொத்து மாதிரி. அதில் யாரும் தப்பு நினைப்பதில்லை. அதனால்தான் நாம் கேட்க வேண்டியிருக்கிறது. நல்ல மருந்தைச் சரியாகச் சாப்பிடச் சொல்லிக் கொடுப்பது பாதி வேலைதான். சரியான ஆள் சாப்பிடுகிறாரா என்று பார்ப்பதுதான் முதல் வேலை. நான் இரண்டாவது வேலையை நன்றாகச் செய்து முதல் வேலையை விட்டவள்.

சிவலிங்கம் அண்ணன் போன மாதம் கிளினிக்குக்கு வந்தார். மனைவி போன பிறகு கடையில் சாப்பாடு, கண்ட நேரத்தில் தூக்கம். எரிச்சல் திரும்பிவிட்டது. டாக்டர் நன்றாகச் சோதித்து, ஸ்கோப்புக்கும் எழுதிக் கொடுத்து, அதுவரைக்கும் நான்கு வாரம் காப்சூல் எழுதினார். மருந்து ரூமில் இருக்கும் இன்னொரு பெண்ணுக்கு அன்றைக்கு லீவு. அவள் இருந்தால் அவளிடம் வாங்கிக்கொண்டு போயிருப்பார். நான் மட்டும்தான் இருந்தேன்.

இருபத்தெட்டு எண்ணிப் பாக்கெட்டில் போட்டேன். பேரைக் கூப்பிட்டேன். வந்து நின்றார். என் முகத்தைப் பார்க்காமல் கையை மட்டும் நீட்டினார். பின்னால் நான்கைந்து பேர் காத்திருந்தார்கள். எல்லாரிடமும் கேட்பதை இவரிடம் கேட்காமல் விட எனக்கு என்ன உரிமை இருக்கிறது?

“அண்ணே, இந்த மருந்த சாப்பிடறது யாரு?”

நீட்டிய கை அப்படியே நின்றது. அவர் குனிந்து, ஜன்னல் வழியாக என்னை நேராகப் பார்த்தார்.

“வீட்டுல இப்ப நான் ஒருத்தன்தான் மிஸி.”